தொழில்நுட்பக் காப்புரிமை வழக்கறிஞராக விரும்புவோருக்கு ஒரு படிப்படியான வழிகாட்டி

பொறியியலோ அறிவியலோ படித்துவிட்டுச் சட்டத் துறைக்கு வர நினைப்பவர்களும், சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டே எந்தப் பிரிவில் காலூன்றுவது என்று யோசிப்பவர்களும் காப்புரிமை வழக்குகளைப் பற்றி இப்போது அடிக்கடி விசாரிக்கிறார்கள். கைப்பேசி, வாகன எஞ்சின், மென்பொருள், மின்கருவி போன்றவற்றின் காப்புரிமைகள் நீதிமன்றத்துக்கு வரும்போது அவற்றை நடத்தும் வழக்கறிஞர் என்ன செய்கிறார், அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதை இந்தியாவில், குறிப்பாகச் சென்னையிலிருந்து தொடங்குகிறவரை மனத்தில் வைத்து இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். இத்தொழிலின் அடிப்படைத் திறன், ஒரு காப்புரிமை ஆவணத்தில் உரிமையின் எல்லையை வரையறுக்கும் பகுதியான உரிமைக்கோரலைச் சொல் சொல்லாகப் படித்து, வழக்குக்குரிய கருவியோடு கூறு கூறாக ஒப்பிடும் பொறுமைதான் என்பது என் உறுதியான கருத்து. நீதிமன்றத்தில் நன்றாகப் பேசும் ஆற்றல் அதற்கு அடுத்தே வருகிறது. கீழே சொல்லும் படிகள் எல்லாமே அந்த ஒரு திறனை வளர்ப்பதற்கானவை.

முதல் படி: துறையின் வரைபடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இத்துறையில் இருவகைப் பணிகள் உள்ளன. கண்டுபிடிப்பாளரிடம் பேசி, கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணமான விவரக்குறிப்பை எழுதி, காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்து, பரிசோதகரின் ஆட்சேபணைகளுக்குப் பதில் அளித்து உரிமையைப் பெற்றுத் தருவது ஒன்று. அதைச் செய்பவர் காப்புரிமை முகவர். பெற்ற உரிமை மீறப்பட்டதாகவோ, அந்த உரிமையே செல்லாது என்றோ எழும் வழக்குகளை நீதிமன்றத்தில் நடத்துவது மற்றொன்று. அதைச் செய்ய வழக்கறிஞராகப் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டு தகுதிகளையும் ஒருவரே பெறலாம் என்பது மட்டுமன்று, தொழில்நுட்ப வழக்குகளில் நிலைக்க விரும்புகிறவர் இரண்டையும் பெறுவதே நல்லது என்று நினைக்கிறேன். விண்ணப்பக் கட்டத்தில் எழுதப்படும் ஒவ்வொரு பதிலும் பின்னாளில் வழக்கில் சான்றாக வந்து நிற்கும் என்பதே அதற்குக் காரணம்.

காப்புரிமை அலுவலகத்தின் தலைமையிடம் கொல்கத்தாவில் இருக்கிறது. டெல்லி, மும்பை, சென்னை ஆகிய நகரங்களில் கிளைகள் உள்ளன. கிண்டியில் இயங்கும் சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகியவை வருகின்றன. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உள்ள மென்பொருள் நிறுவனங்களின் விண்ணப்பங்கள் கிண்டிக்கு வருகின்றன என்பது இதன் நடைமுறைப் பொருள். முன்பு அலுவலகத்தின் ஆணைகளை எதிர்த்த மேல்முறையீடுகளை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் கேட்டு வந்தது. 2021 ஏப்ரலில் அந்த வாரியம் கலைக்கப்பட்டதும் அந்த அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கு வந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2021-இலேயே அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவை அமைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனிப் பிரிவு 2023-இல் செயல்படத் தொடங்கியது.

புதியவருக்கு இந்த மாற்றம் நல்ல வாய்ப்பு. உரிமை மீறல் வழக்குகளின் பெரும்பகுதி டெல்லியில்தான் நடக்கிறது என்றாலும், சென்னை அலுவலகம் நிராகரித்த விண்ணப்பங்களின் மேல்முறையீடுகள் காப்புரிமைச் சட்டத்தின் 117ஏ பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வருகின்றன. ஆணை வந்ததிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டிய இந்த மேல்முறையீடுகளில் சாட்சி விசாரணை கிடையாது. ஆவணங்களையும் சட்டத்தையும் வைத்தே வாதிட வேண்டும். வெறும் கணினி நிரலையும், வழிநெறிகளையும் (அல்காரிதம்), வணிக முறைகளையும் காப்புரிமைக்கு உரியவை அல்ல என்று சொல்லும் 3(கே) பிரிவைச் சுற்றி எழும் சிக்கலான கேள்விகளை ஓர் இளம் வழக்கறிஞர் நெருக்கமாகக் காண இதைவிட நல்ல இடம் இல்லை.

இரண்டாம் படி: பட்டமும் பதிவும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பில் சேரலாம். பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம். தொழில்நுட்பக் காப்புரிமைக்கு வர விரும்புகிறவருக்கு இரண்டாவது வழி பொருத்தமானது. காப்புரிமை முகவர் தேர்வு எழுத அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் தேவை என்பதால், பி.ஏ., எல்.எல்.பி. போன்ற படிப்பை மட்டும் முடித்தவர் அந்தத் தேர்வை எழுத முடியாது. மூன்றாண்டுப் படிப்பு முழுநேரப் படிப்பு என்பதால், வேலையை விட்டுவிட்டு வருகிறவர் அந்த ஆண்டுகளுக்கான பணத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

பட்டம் பெற்றதும் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். பதிவுக் கட்டணமாகப் பல மாநிலங்களில் பல ஆயிரங்கள் வாங்கப்பட்டு வந்த நிலையில், சட்டத்தில் சொல்லியிருக்கும் 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் 125 ரூபாய்க்கும் மேல் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. வசதி குறைந்த வீடுகளிலிருந்து வருகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

மூன்றாம் படி: காப்புரிமை முகவர் தேர்வு

இந்தத் தேர்வில் இரண்டு எழுத்துத் தாள்களும் ஒரு நேர்முகத் தேர்வும் உண்டு. முதல் தாள் காப்புரிமைச் சட்டமும் விதிகளும், 100 மதிப்பெண். இரண்டாம் தாள் விவரக்குறிப்பை எழுதுவதும் பொருள்கொள்வதும், 100 மதிப்பெண். நேர்முகத் தேர்வுக்கு 50. எழுத்துத் தாள் ஒவ்வொன்றிலும் 50 மதிப்பெண்ணும், மொத்தத்தில் 60 விழுக்காடும் பெற வேண்டும். தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதில்லை. சில ஆண்டுகள் இடைவெளி விட்டும் நடந்திருக்கிறது. ஆகவே அறிவிப்பு வந்த பிறகு படிக்கத் தொடங்கினால் வாய்ப்பு கைநழுவிப் போகும்.

முதல் தாளை மனப்பாடத்தால் ஓரளவு கடந்துவிடலாம், இரண்டாம் தாளை அப்படிக் கடக்க இயலாது. ஒரு கருவியின் விளக்கத்தைக் கொடுத்து, அதற்கு உரிமைக்கோரல் எழுதச் சொல்வார்கள். வழக்கு நடத்த விரும்புகிறவருக்கு அந்தப் பயிற்சி மிகவும் பயன்படும், ஏனென்றால் ஓர் உரிமைக்கோரலைத் தானே எழுதிப் பார்த்தவருக்குத்தான் அடுத்தவர் எழுதியதில் எந்தச் சொல் வலுவானது, எந்தச் சொல் ஓட்டையானது என்பது பார்த்தவுடன் புலப்படும்.

நான்காம் படி: உரிமைக்கோரலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

காப்புரிமை ஆவணத்தில் பின்னணி, படங்கள், விரிவான விளக்கம் என்று பல பக்கங்கள் இருந்தாலும், சட்டம் வேலி போடுவது இறுதியில் வரும் எண்ணிட்ட உரிமைக்கோரல்களால்தான். ஒரு பொருள் உரிமையை மீறுகிறது என்று சொல்ல வேண்டுமானால், ஓர் உரிமைக்கோரலில் உள்ள எல்லாக் கூறுகளும் அந்தப் பொருளில் இருக்க வேண்டும். இதைப் பயிற்சிக்காக நானே புனைந்த ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடிப் புகைந்து போவதைத் தடுக்கும் கருவிக்கு ஒருவர் காப்புரிமை பெற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் உரிமைக்கோரல் இப்படி இருக்கிறது: மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளக்கும் ஓர் உணரியும், அந்த மின்னோட்டம் குறித்த அளவுக்குக் கீழே பத்து விநாடிகளுக்குக் குறையாமல் தொடர்ந்து இருந்தால் மோட்டாரை நிறுத்தும் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியும், நிறுத்தியபின் கிணற்றில் நீர் ஊறும் நேரம் கழிந்ததும் மோட்டாரைத் தானாக மீண்டும் இயக்கும் ஒரு நேரக் கருவியும் கொண்ட கட்டுப்பாட்டுக் கருவி. போட்டியாளர் விற்கும் கருவியும் மின்னோட்டத்தை அளக்கிறது. எட்டு விநாடிகளில் மோட்டாரை நிறுத்துகிறது. மீண்டும் ஓட்ட, விவசாயி தன் கைப்பேசியிலிருந்து அழைப்புக் கொடுக்க வேண்டும்.

பொதுவாகப் பார்க்கிறவர் "இரண்டும் ஒன்றுதான், காப்பியடித்துவிட்டார்கள்" என்று சொல்லிவிடுவார். வழக்கறிஞர் ஒவ்வொரு கூறாக எடுத்து வைக்க வேண்டும். உணரி இரண்டிலும் உண்டு, அதில் சிக்கல் இல்லை. இரண்டாம் கூறில் எட்டு விநாடி, பத்து விநாடிக்குக் குறைவு. சொல்லின்படி பார்த்தால் மீறல் இல்லை. அப்போது விவரக்குறிப்பைத் திறந்து, பத்து விநாடி என்பதற்கு அவர் என்ன காரணம் சொல்லியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது மோட்டார் தவறுதலாக நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும் என்று மட்டுமே எழுதியிருந்தால், எட்டு விநாடியும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று வாதிட இடமிருக்கிறது. விண்ணப்பத்தைப் பரிசோதித்தபோது, ஐந்து விநாடியில் நிற்கும் பழைய கருவி ஒன்றைப் பரிசோதகர் சுட்டிக்காட்ட, அதிலிருந்து வேறுபடுத்தவே "பத்து விநாடிகளுக்குக் குறையாமல்" என்ற சொற்களை அவர் சேர்த்திருந்தால், விட்டுக்கொடுத்ததை இப்போது திரும்பக் கேட்பதாக எதிர்த்தரப்பு மடக்கும். இதற்காகத்தான் அலுவலகத்தில் நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதையும் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் அது யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

மூன்றாம் கூறில் "தானாக" என்ற சொல் இருக்கிறது. விவசாயி அழைத்தால்தான் ஓடும் கருவி தானாக ஓடுவதாகாது. இங்கே வாதிக்கு வழக்கு முறிந்ததுபோல் தோன்றும். ஆனால் கருவியோடு வரும் சிறிய கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தால், அமைப்புப் பட்டியலில் தானியங்கி மறு இயக்கம் என்ற ஒரு தேர்வும், நிறுத்தும் நேரத்தை ஐந்திலிருந்து முப்பது விநாடி வரை மாற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கக் கூடும். அப்படியிருந்தால் வழக்கின் நிலை அடியோடு மாறிவிடும். பெரிய சட்டக் கோட்பாடுகளைவிட இப்படிப்பட்ட ஒரு பக்கம் வழக்கைத் தீர்மானிப்பது இத்துறையில் அன்றாடம் நடக்கக் கூடியது.

இதைச் செய்து பழக, மூன்று பத்திகள் கொண்ட ஒரு பட்டியல் போதும். இடப்பக்கம் உரிமைக்கோரலின் ஒவ்வொரு கூறும், நடுவில் எதிர்த்தரப்புப் பொருளில் அது எங்கே இருக்கிறது என்பதற்கான சான்றும், வலப்பக்கம் எதிர்த்தரப்பு சொல்லக் கூடிய மறுப்பும் வர வேண்டும். வலப்பக்கத்தை நேர்மையாக நிரப்புகிறவரே தேறுவார். வீட்டிலுள்ள கருவி ஒன்றின் காப்புரிமையை இணையத்தில் தேடியெடுத்து, வாரம் ஒன்று என்று செய்து பாருங்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கில விவரக்குறிப்பின் நீண்ட வாக்கியங்களைக் கண்டு மலைப்பது இயல்பு. அந்தக் கண்டுபிடிப்பு என்ன செய்கிறது என்பதை முதலில் தமிழில் நான்கு வரிகளில் தமக்குத் தாமே எழுதிக்கொண்டு, பிறகு ஆங்கிலத்துக்குத் திரும்பினால் சிக்கல் பாதியாகக் குறையும். நீதிபதிக்கு எளிமையாக விளக்கும் ஆற்றலும் அந்த நான்கு வரிகளிலிருந்துதான் பிறக்கிறது.

ஐந்தாம் படி: ஒரு வழக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை படியுங்கள்

பத்துத் தீர்ப்புகளின் சுருக்கத்தைப் படிப்பதைவிட, ஒரே வழக்கின் எல்லா ஆணைகளையும் வரிசையாகப் படிப்பது அதிகம் கற்றுத்தரும். சென்னையில் தொடங்குகிறவருக்கு நான் பரிந்துரைப்பது பஜாஜ் ஆட்டோவுக்கும் டி.வி.எஸ். மோட்டாருக்கும் இடையே நடந்த வழக்கு. சிறிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளை வைக்கும் ஏற்பாட்டுக்கு, டி.டி.எஸ்.-ஐ என்று சந்தையில் அறியப்பட்டதற்கு, பஜாஜ் காப்புரிமை பெற்றிருந்தது. அதன் எண் 195904. அந்த உரிமைக்கோரல் எல்லா எஞ்சின்களையும் பற்றியது அன்று, சிலிண்டர் விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர் வரை உள்ள எஞ்சினைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். 2007-இல் டி.வி.எஸ். தன் 125 சிசி ஃபிளேம் வண்டியை இரட்டை பிளக்குடன் அறிமுகப்படுத்தியபோது பிரச்சினை வெடித்தது.

உரிமை மீறல் என்று பஜாஜ் சொல்வது ஆதாரமற்ற மிரட்டல் என்று சொல்லி 106-ஆம் பிரிவின்கீழ் டி.வி.எஸ். ஒரு வழக்குத் தொடுத்தது. உரிமை மீறல் என்று சொல்லி பஜாஜ் ஒரு வழக்குத் தொடுத்தது. ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் உருவான தங்கள் எஞ்சினில் மூன்று வால்வுகள் உள்ளன, ஆகவே அது வேறு என்பது டி.வி.எஸ். தரப்பின் முக்கிய வாதங்களுள் ஒன்று. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி பஜாஜுக்கு இடைக்காலத் தடை அளித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. ஒரே ஆவணத்தையும் ஒரே எஞ்சினையும் பார்த்த இரு அமர்வுகள் எந்த இடத்தில் பிரிந்தன என்று பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். உரிமைக்கோரலைப் பொருள்கொள்ளும் விதத்தில்தான் அந்தப் பிரிவு தொடங்குவதைக் காண்பீர்கள்.

2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஃபிளேம் விற்பனையைத் தொடர அனுமதித்து, உள்நாட்டு விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் சரியான கணக்கு வைக்கச் சொன்னது. அதோடு, அறிவுசார் சொத்துரிமை வழக்குகள் இடைக்கால ஆணைகளிலேயே ஆண்டுக்கணக்கில் தேங்கிவிடுகின்றன என்பதைச் சுட்டி, அவற்றை நாள்தோறும் விசாரித்து வழக்கமாக நான்கு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த வழக்கோ 2019-இல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டபோதுதான் முடிவுக்கு வந்தது. காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்; தொழில்நுட்பமோ அதற்குள் பழையதாகிவிடும். இடைக்காலத் தடை கிடைக்குமா கிடைக்காதா என்பதிலேயே இரு தரப்பும் தங்கள் முழு வலிமையையும் செலவிடுவதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

ஆறாம் படி: செல்லுபடித் தன்மையைத் தாக்கவும் காக்கவும் பழகுங்கள்

காப்புரிமை அளிக்கப்பட்டுவிட்டது என்பதாலேயே அது செல்லும் என்று இந்தியச் சட்டம் உறுதி தருவதில்லை. 13-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. 64-ஆம் பிரிவில் உள்ள நீக்கக் காரணங்கள் ஒவ்வொன்றையும் பிரதிவாதி தன் தற்காப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று 107-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பிரதிவாதி எதிர்க்கோரிக்கையாகவே நீக்கம் கேட்டால், மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். எனவே எந்தக் காப்புரிமை வழக்கும் உண்மையில் இரண்டு வழக்குகள். "நீ என் உரிமையை மீறினாய்" என்பது ஒன்று, "உன் உரிமையே செல்லாது" என்பது மற்றொன்று.

முன்பே வெளிவந்த தொழில்நுட்பத்தைத் தேடுவது இளைய வழக்கறிஞர்களின் கையில்தான் விழும். காப்புரிமைத் தேடல் தளங்களான எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டண்ட்ஸ் ஆகியவற்றோடு நின்றுவிடாமல் பழைய பாடநூல்கள், பயன்பாட்டுக் கையேடுகள், தரநிலைக் கூட்டங்களில் சமர்ப்பிக்கப்பட்ட ஆவணங்கள், மாநாட்டுக் கட்டுரைகள் வரை தேட வேண்டும். ஆவணம் கிடைத்தால் போதாது, அது விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாளுக்கு, முன்னரே பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட்டது என்பதை மெய்ப்பிக்கவும் வழி வேண்டும். தேதியை மெய்ப்பிக்க முடியாத அருமையான ஆவணம் நீதிமன்றத்தில் வெறும் காகிதம்தான்.

ஏழாம் படி: காலக்கெடுவும் ஆவண ஒழுங்கும்

2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் இந்த வழக்குகளுக்குப் பொருந்தும். அழைப்பாணை சேர்ந்த 30 நாட்களுக்குள் பிரதிவாதி தன் பதிலான எதிர்வழக்குரையைத் தாக்கல் செய்ய வேண்டும்; நீதிமன்றம் நீட்டித்தாலும் 120 நாட்களுக்கு மேல் வாய்ப்பே இல்லை, உரிமை போய்விடும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்குகளில் தாக்கலுக்கு முன்பே சமரசப் பேச்சுக்குப் போக வேண்டும் என்பது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதிசெய்தது. தன் வசம் உள்ள ஆவணங்களை வழக்குரையோடு சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய பழக்கம் இங்கே செல்லாது.

டெல்லி உயர் நீதிமன்றம் 2022-இல் காப்புரிமை வழக்குகளுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. உரிமைக்கோரலுக்குத் தான் கொள்ளும் பொருள் என்ன, மீறல் எப்படி நிகழ்ந்தது, செல்லாது என்பதற்கு அடிப்படை என்ன, இழப்பீடு எவ்வளவு என்று தனித்தனிக் குறிப்புரைகளையும், நீதிபதிக்குத் தொழில்நுட்பத்தை அறிமுகப்படுத்தும் விளக்கத்தையும் அந்த விதிகள் கேட்கின்றன. நான்காம் படியில் நான் சொன்ன மூன்று பத்திப் பட்டியலைச் சரியாகச் செய்தவருக்கு இவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே கையில் இருக்கும்.

எதிர்த்தரப்பின் பொருளைச் சான்றாக வாங்கும்போது கவனம் தேவை. திறந்த சந்தையில் ரசீதோடு வாங்கி, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பும் பின்பும் படமெடுத்து, தொடர் எண்ணைக் குறித்து, சோதனைக்கூடத்துக்கு யார் எப்போது கொடுத்தார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். மின்னணு ஆவணங்களுக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்போடு கூடிய சான்றிதழ் வேண்டும்.

எட்டாம் படி: தரநிலைக் காப்புரிமைகள்

கைப்பேசித் துறையின் வழக்குகளில் பெரும்பாலானவை தரநிலைக்கு இன்றியமையாத காப்புரிமைகளைப் பற்றியவை. 3ஜி, 4ஜி போன்ற ஒரு தரநிலையைப் பின்பற்றும் எந்தக் கருவியும் அந்தக் காப்புரிமையைத் தவிர்த்து இயங்க முடியாது; அதனாலேயே உரிமையாளர் நியாயமான, பாரபட்சமற்ற நிபந்தனைகளில் உரிமம் தர வேண்டும். இந்தியாவில் இவ்வகை வழக்குகள் 2013-இல் எரிக்சன், மைக்ரோமேக்ஸ் மீது தொடுத்த வழக்கிலிருந்து பரவலான கவனம் பெற்றன. டிவிடி தொழில்நுட்பம் குறித்த பிலிப்ஸ் வழக்கில் 2018-இல் முழு விசாரணைக்குப் பிந்தைய தீர்ப்பு வந்தது. 2023-இல் இன்டெக்ஸ் - எரிக்சன், நோக்கியா - ஓப்போ வழக்குகளில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுகள் இடைக்காலக் கட்டத்தில் பணம் கட்டச் சொல்வதைப் பற்றி முக்கியமான தீர்ப்புகளைத் தந்தன. 2024 மார்ச்சில் எரிக்சனுக்கு லாவா நிறுவனம் ஏறத்தாழ 244 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. வழக்கிலிருந்த எட்டுக் காப்புரிமைகளில் ஒன்று செல்லாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இவ்வழக்குகளில் பொருளைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லாமல் போவதும் உண்டு. உரிமைக்கோரல் தரநிலை ஆவணத்தோடு பொருந்துகிறது, பிரதிவாதியின் கைப்பேசி அத்தரநிலையைப் பின்பற்றுகிறது என்ற இரண்டு படிகளில் மீறலை நிறுவ முயல்வார்கள். பிறகு முழுச் சண்டையும் உரிமத் தொகையைச் சுற்றியே நடக்கும். பிற நிறுவனங்களோடு செய்த உரிம ஒப்பந்தங்கள் மூடிய உறையில் தாக்கல் ஆகும்; அவற்றைப் பார்க்கக் குறிப்பிட்ட வழக்கறிஞர்களும் நிபுணர்களும் மட்டும் கொண்ட ரகசியக் குழுவை நீதிமன்றம் அமைக்கும். அந்தக் குழுவில் பெயர் சேர்ந்த இளைஞர், தான் பார்த்த தொகையைத் தன் கட்சிக்காரரிடம்கூடச் சொல்லக் கூடாது. கட்சிக்காரர் வற்புறுத்துவார், அப்போதும் மறுத்துவிட வேண்டும். இத்தொழிலில் ஒருவருடைய பெயர் நிலைப்பதும் கெடுவதும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

ஒன்பதாம் படி: எங்கே, யாரிடம் சேர்வது

தனி சீனியரின் அலுவலகத்தில் சேர்ந்தால் நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும் வாய்ப்பு விரைவில் வரும், தொடக்க ஊதியம் குறைவாக இருக்கும். பெரிய சட்ட நிறுவனத்தில் ஊதியம் கூடுதல். ஆண்டுக்கணக்கில் பட்டியல் தயாரிப்பதோடு நின்றுவிடும் அபாயமும் உண்டு. விண்ணப்பப் பணியும் வழக்குப் பணியும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் அலுவலகம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் சில விண்ணப்பங்களின் பரிசோதனை அறிக்கைகளுக்காவது பதில் எழுதிவிடுங்கள். ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் முழுநேர ஊதியத்துக்குச் சேர்ந்தால், பார் கவுன்சில் விதிகளின்படி வழக்கறிஞராகத் தொழில் செய்வதை நிறுத்திவைக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். அங்கே கிடைக்கும் அனுபவம் மதிப்பானதுதான், ஆனாலும் தொடக்கத்திலேயே அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பத்தாம் படி: நிபுணர் சாட்சியோடு வேலை செய்தல்

வழக்கு முழு விசாரணைக்குப் போனால், பேராசிரியர்களும் பொறியாளர்களும் நிபுணர்களாக வருவார்கள். இரு தரப்பு நிபுணர்களையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வைக்கும் முறையும் டெல்லி விதிகளில் இருக்கிறது. நீதிமன்றம் தானே அறிவியல் ஆலோசகரை அமர்த்த 115-ஆம் பிரிவு வழி செய்கிறது. உங்கள் தரப்பு நிபுணரின் வாக்குமூலத்தை நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்கு ஒருபோதும் இடம் தராதீர்கள். அவர் சொல்லாத சொல் ஒன்று வாக்குமூலத்தில் இருந்தால், குறுக்கு விசாரணையில் முதல் அரை மணி நேரத்திலேயே அது வெளிவந்துவிடும். அவருக்குக் கேள்விகளைக் கொடுத்து, அவருடைய சொற்களிலேயே பதிலை எழுதச் சொல்லி, உரிமைக்கோரலின் எந்தக் கூறைப் பற்றிப் பேசுகிறார் என்பதை மட்டும் வரிசைப்படுத்திக் கொடுங்கள்.

எதிர்த்தரப்பு நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யத் தயாராகும்போது, அவர் முன்பு எழுதிய கட்டுரைகளையும் பாடநூல் அத்தியாயங்களையும் தேடிப் படியுங்கள். அறிவியலில் அவரோடு போட்டி போட்டு வெல்ல முயல வேண்டாம். அவர் அந்தத் துறையில் பல்லாண்டு உழைத்தவர். உரிமைக்கோரலின் ஒரு சொல்லை எடுத்து, அந்தச் சொல்லுக்கு விவரக்குறிப்பில் உள்ள பொருளை அவரிடம் ஒப்புக்கொள்ள வைத்து, அதே பொருளில் அவருடைய கட்சிக்காரரின் கருவியில் அது இருக்கிறதா என்று குறுகிய கேள்வியாகக் கேளுங்கள். "ஆம்" அல்லது "இல்லை" என்று மட்டும் பதில் வரும்படி கேள்வியை அமைக்க முடிந்தால், அந்தப் பதிலை உங்கள் பட்டியலின் நடுப்பத்தியில் பக்க எண்ணோடு குறித்துக்கொண்டு அடுத்த கூறுக்குப் போய்விடுங்கள்.